பதக்கத்தில் ஊற்றிய ரெசின் இறுகவில்லையா?

அக்ரிலிக் பெயின்ட் கலந்து ஊற்றிய நீல எபாக்சி ரெசின் (ஹார்டனர் என்ற திரவம் கலந்தால் இறுகும் பிசின்) இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது என்கிறீர்கள். எனக்கு அந்தப் பெயின்ட் மேல்தான் சந்தேகம். அதில் தண்ணீர் இருக்கிறது. எபாக்சி இறுகுவதை அது கெடுக்கும். நிறம் அடர்த்தியாக வரட்டும் என்று நிறைய சேர்த்திருந்தால் இன்னும் மோசம்.

ரெசினுக்கென்றே விற்கும் பிக்மென்ட் பேஸ்ட் (நிறக் குழம்பு) வாங்குங்கள், மொத்த எடையில் 5 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். ஒளி ஊடுருவாத அந்த நிறம் நகைகளில் வரும் அசல் எனாமல் பூச்சு போலவே அழகாக இருக்கும். மைக்கா தூள் வேண்டாம், அது மினுமினுக்கும்.

இப்போது இருப்பதன் மேலேயே புதிதாக ஊற்றாதீர்கள், அடியில் இளகியே கிடக்கும். கையுறை போட்டுக்கொண்டு முழுக்கச் சுரண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அப்புறம் ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளந்து கலக்குங்கள். சின்னப் பதக்கம்தானே என்று கொஞ்சமாகக் கலக்கினால் ஒரு துளி கூடினாலும் விகிதம் மாறிவிடும். கூடுதலாகவே கலந்து, மிச்சத்தை வேறு அச்சில் ஊற்றிவிடுங்கள்.