5ஜி என்று காட்டுகிறது, நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது: அன்லிமிடெட் பிளான் ஏன் நாலு மணிக்கே தீர்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மூன்று மாதத்துக்கு முன் எங்கள் ஏரியா டவரை 5ஜிக்கு மாற்றுவதாக மெசேஜ் வந்தது. அதிலிருந்து போனில் 5ஜி என்று காட்டுகிறது, ஆனால் வீட்டுக்குள் வீடியோ கால் பாதியில் நின்றுவிடுகிறது. அன்லிமிடெட் 5ஜி பிளான்தான் போட்டிருக்கிறேன், ஆனாலும் சாயங்காலம் நாலு மணிக்கே இன்றைய டேட்டா முடிந்தது என்று வருகிறது. கீழ்த்தளம், கான்கிரீட் வீடு, டவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். இன்னும் பெரிய பிளான் போடலாமா, கம்பெனியை மாற்றலாமா, ஆன்லைனில் விற்கிற சிக்னல் பூஸ்டரை வாங்கலாமா?"

மூன்றையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். நீங்கள் வேலை பார்க்கிற அறைக்குள் உண்மையில் எந்த சிக்னல், எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் எதற்குப் பணம் போட்டாலும் அது குருட்டாம்போக்கில் போடுகிற பணம்தான். டவர் சிக்னலை அளக்கிற வேலையில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன், இந்த மாதிரிப் புகார்களில் பாதிக்கு மேல் பிளானில் கோளாறே இருக்காது.

முதலில் அந்த நாலு மணி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் கட்டணத்தை ஏற்றின. அப்போதிலிருந்து ஜியோவிலும் ஏர்டெல்லிலும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களோடுதான் பொதுவாக அன்லிமிடெட் 5ஜி வருகிறது. ஆக உங்கள் பிளானுக்குள் இரண்டு கணக்கு ஓடுகிறது. போன் 5ஜியில் இருக்கும்போது ஓடுகிற டேட்டா தினக் கோட்டாவில் கழியாது, ஆனால் 4ஜிக்கு இறங்கின நிமிடத்திலிருந்து அந்த 2 ஜிபியில் கழிய ஆரம்பித்துவிடும். ஒரு மணி நேர வீடியோ கால், படத்தின் தரத்தைப் பொறுத்து, அரை ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை சாப்பிடும். காலையில் ஒரு மீட்டிங், மதியம் ஒரு மீட்டிங், நடுவில் போன் தானாகச் செய்கிற ஆப் அப்டேட், போட்டோ பேக்கப், அவ்வளவுதான், நாலு மணிக்குத் தீராமல் என்ன செய்யும்? தீர்ந்த பிறகு வேகம் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் 1 எம்பி அளவுள்ள ஒரு போட்டோ இறங்கவே இரண்டு நிமிடம் ஆகும், வீடியோ காலை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்படியானால் உங்கள் வீட்டுக்குள் போன் பகல் முழுக்கப் பெரும்பாலும் 4ஜியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே 5ஜி என்று காட்டுகிறதே என்பீர்கள். அந்த எழுத்தை அப்படியே நம்ப முடியாது. நம் நாட்டில் 2022 அக்டோபர் 1ஆம் தேதி 5ஜி தொடங்கியபோது ஜியோ 4ஜியைச் சாராத தனி 5ஜியாகப் போட்டது, ஏர்டெல் இருக்கிற 4ஜியைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் 5ஜியை ஏற்றியது. இந்த இரண்டாவது வகையில், போன் பிடித்திருக்கிற 4ஜி டவர் 5ஜியும் தரக்கூடியது என்று தெரிந்தாலே மேலே 5ஜி என்று எழுதிவிடும், அந்த நேரத்தில் உங்கள் டேட்டா முழுக்க 4ஜியில் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி.

ஏன் வீட்டுக்குள் 5ஜி நுழையவில்லை? காரணம் அலைவரிசை. இங்கே 5ஜியின் பெரும்பகுதி 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது. பழைய 4ஜியோ 900, 1800, 2100, 2300 என்று கீழே இருக்கிறது (ஜியோவுக்கு 850). அலைவரிசை ஏற ஏற வேகம் கொடுக்க இடம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுகிற தெம்பு குறைவு. அதே தூரத்தில், அதே சக்தியில் அனுப்பினால், 900இல் கிடைப்பதில் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் 3300க்கு மேல் கிடைக்கும், அதுவும் சுவர் எதுவும் குறுக்கே இல்லாத கணக்கு. புதிய ஆன்டெனாக்கள் அலையை ஒருமுகப்படுத்தி அனுப்பி இதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், முழுசாக இல்லை. கம்பி கட்டிய கான்கிரீட், கண்ணாடியில் ஒட்டிய சன் ஃபிலிம், இரும்பு பீரோ, இதெல்லாம் சேர்ந்தால் மொட்டை மாடியில் பறக்கிற 5ஜி அடுப்படியில் செத்துப்போகும். தனியார் கம்பெனிகளில் ஜியோவிடம் மட்டும் 700 மெகாஹெர்ட்ஸிலும் 5ஜி இருக்கிறது. அது வீட்டுக்குள் நன்றாக வரும், ஆனால் வேகம் கொடுக்க அங்கே இடம் குறைவு என்பதால் மொட்டை மாடி வேகத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, இப்போது அளக்கலாம். சிக்னல் கோடுகளைப் பார்க்காதீர்கள், எத்தனை கோடு காட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபௌட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று மைனஸில் ஒரு எண் இருக்கும், பக்கத்தில் டிபிஎம் என்று போட்டிருக்கும். பல போன்களில் *#*#4636#*#* அடித்தாலும் வரும். ஐபோனில் *3001#12345#* அடித்து கால் பட்டனை அழுத்த வேண்டும், வருகிற பட்டியலில் ஆர்எஸ்ஆர்பி என்பதைப் பாருங்கள், அதுதான் அந்த சிக்னல் ஸ்ட்ரெங்த் எண். மைனஸ் 90க்கு உள்ளே இருந்தால் அருமை. 90 முதல் 105 வரை வேலை ஓடும். 110 பக்கம் போனால் தள்ளாடும், 115ஐத் தாண்டினால் வீடியோ காலை அதை நம்பிப் பேச முடியாது. இதில் 10 கூடினால் சிக்னல் பத்தில் ஒன்றாகிறது, 20 கூடினால் நூறில் ஒன்று. மைனஸ் 95க்கும் 115க்கும் நடுவில் கோடு ஒன்றோ இரண்டோதான் குறையும், சிக்னலோ நூறில் ஒரு பங்காகிவிட்டிருக்கும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடங்கள், ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 4ஜியா 5ஜியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு முறை இதே மாதிரிப் புகாருக்காக ஒரு வீட்டுக்குப் போனேன். அந்தப் பையன் மேஜையில் போன் இருந்த இடத்தில் மைனஸ் 117. மேஜைக்குப் பின்னால் இரும்பு பீரோ, அதன் கண்ணாடிக் கதவு டவர் இருக்கிற திசையை அடைத்துக்கொண்டு நின்றது. மேஜையை நாலு அடி நகர்த்தி ஜன்னலோரம் போட்டோம், 102க்கு வந்தது. அன்று அந்த வீட்டில் செலவு எதுவும் இல்லை, பீரோவில் இடித்துக்கொண்டதில் என் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

யூடியூப் ஓடுகிறது, வீடியோ கால் மட்டும் நிற்கிறது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். டவர் பல வாட் சக்தியில் அனுப்புகிறது, உங்கள் போன் திருப்பி அனுப்புவது அதிகபட்சம் பொதுவாக 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒன்று. சிக்னல் ஓரத்தில் இருக்கும்போது டவர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது டவருக்குக் கேட்காது. யூடியூப் பெரும்பாலும் ஒரு வழிப் போக்குவரத்து, வீடியோ காலில் உங்கள் முகமும் குரலும் மேலே போயாக வேண்டும். போன் சுடுகிறது, பேட்டரி மதியத்துக்குள் இறங்குகிறது என்றால் அது முழு மூச்சாகக் கத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எண் நன்றாக இருந்தும் வேகம் இல்லை என்றால் அது வேறு வியாதி. இலை போட்டாச்சு, பரிமாற ஆள் இல்லாத பந்தி மாதிரி. காலை ஐந்து மணிக்கு ஒரு ஸ்பீட் டெஸ்ட், இரவு ஒன்பது மணிக்கு அதே இடத்தில் ஒரு ஸ்பீட் டெஸ்ட், இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். காலையில் 60, இரவில் 3 என்று வந்தால் டவரில் கூட்டம். வீட்டுக்குள் என்ன மாற்றினாலும் அது சரியாகாது. கம்பெனிதான் அந்த டவருக்குத் திறனைக் கூட்ட வேண்டும், இல்லை கூட்டம் குறைந்த கம்பெனிக்கு நீங்கள் போக வேண்டும்.

டவரை மாற்றிய பிறகு சிக்னல் குறைந்தது என்று நீங்கள் சொல்வது பிரமை இல்லை. 5ஜி பெட்டியை ஏற்றும்போது கம்பத்தில் இடம் பிடிக்கப் பழைய 4ஜி ஆன்டெனாவைச் சில சமயம் கீழே இறக்குவார்கள், அல்லது அதன் சாய்வை மாற்றுவார்கள். இரண்டு மூன்று டிகிரி சாய்வு மாறினாலே ஒரு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது அடுத்த தெருவுக்குப் போய்விடும். டவர் இரண்டு தெருவில்தானே இருக்கிறது என்கிறீர்கள், மிக நெருக்கமாக இருப்பதும் எப்போதும் நல்லதில்லை. ஆன்டெனா அலையை அகலமாக, ஆனால் மேலும் கீழும் மெல்லிசாக வீசுகிறது, டவரின் காலடியில் இருக்கிற வீட்டுக்கு மேலேயே அது தாண்டிப் போகலாம். அந்த டவர் உங்கள் கம்பெனியுடையதுதானா என்றும் பாருங்கள், மத்திய அரசின் தரங் சஞ்சார் தளத்தில் இடத்தைப் போட்டால் சுற்றியுள்ள டவர்கள் தெரியும்.

பூஸ்டர் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் பூஸ்டர் என்கிற ரிப்பீட்டரை வைப்பது இங்கே சட்டப்படி குற்றம், தொலைத்தொடர்புத் துறை சோதனை போட்டுக் கழற்றுகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெட்டி நல்ல சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை, இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவரை நோக்கி அடிக்கிறது, அதனால் டவரின் காது அடைந்து உங்கள் தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் கால் அறுபடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுகிற நேரத்தில் அது நடக்கக்கூடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நிலைமைக்கு என் யோசனை இது. வேலையே வீட்டிலிருந்துதான் என்றால் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தெருவில் ஃபைபர் வருகிறதா என்று கேளுங்கள், பெரிய கம்பெனிகள் இல்லாவிட்டாலும் பிஎஸ்என்எல்லோ உள்ளூர் கேபிள்காரரோ கொடுக்கலாம். ஃபைபர் வந்துவிட்டால் போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிடுங்கள், குரல் அழைப்பும் சிக்னல் இல்லாமலே வைஃபை வழியாகப் போகும், ஏர்டெல்லும் ஜியோவும் 2019 கடைசியிலிருந்து 2020 தொடக்கத்துக்குள் இதைக் கொண்டுவந்துவிட்டன. அப்புறம் மொபைலுக்கு அன்லிமிடெட் 5ஜி பிளானே தேவையில்லை, சின்ன பிளானுக்கு இறங்கிவிடலாம், மிச்சமாவது ஃபைபர் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தாங்கும்.

ஃபைபர் வராத தெரு என்றால் மொட்டை மாடியில் போய் அளங்கள். அங்கே 5ஜி மைனஸ் 90க்குள் இருந்தால் ஏர்ஃபைபர், அதாவது 5ஜி சிக்னலை வாங்கி வீட்டு வைஃபையாகத் தருகிற இணைப்பு, உங்களுக்கு ஒத்துவரும். அதில் ஆன்டெனாவை வெளியில் மாட்டி வயரை வீட்டுக்குள் இறக்குகிறார்கள், சுவர்ப் பிரச்சினை அதோடு போச்சு. உடனே செலவு செய்ய முடியாது என்றால், பழைய 5ஜி போன் ஒன்று இருந்தால் அதில் சிம்மைப் போட்டு, நீங்கள் குறித்து வைத்ததில் 5ஜி நன்றாக வருகிற ஜன்னலில் சார்ஜரோடு வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள், உங்கள் பிளானின் நிபந்தனையில் அதற்கு அனுமதி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் நேராகப் படாத ஜன்னலாக இருக்கட்டும். 5ஜிக்கும் 4ஜிக்கும் போன் தாவித் தாவித்தான் கால் அறுபடுகிறது என்று தோன்றினால், மீட்டிங் நேரத்தில் நெட்வொர்க் வகையை 4ஜி என்று நிறுத்திப் பாருங்கள், கோட்டா கழியும், ஆனால் பேச்சு அறுபடாது.

இதோடு 198க்குப் புகார் கொடுங்கள். "சிக்னல் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் போனை அணைத்துப் போடுங்கள் என்று முடித்துவிடுவார்கள். தேதி, நேரம், இடம், வீட்டுக்குள் இத்தனை, வாசலில் இத்தனை, டவர் வேலைக்கு முன் நன்றாக இருந்தது, ஆன்டெனா சாய்வைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எண்களோடு சொல்லுங்கள், புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரியாகவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், அந்தப் புகார் எண் இல்லாமல் அங்கே நகராது.

கம்பெனி மாற்றுவது கடைசி. மாற்றுவதற்கு முன் அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கிற யாராவது வீட்டுக்கு வந்தால் அவர் போனை வாங்கி, உங்கள் மேஜையில் வைத்து அளங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி கம்பெனிகள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் போட்டாக வேண்டும், அதையும் பார்க்கலாம், ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் அந்த வரைபடத்தில் இருக்காது. இன்னும் நல்லது, இரண்டாவது சிம் இடத்தில் அந்தக் கம்பெனியின் புது சிம் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது. பிடித்திருந்தால், ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900க்கு அனுப்புங்கள். பதிலுக்கு வருகிற போர்ட்டிங் குறியீடு நாலு நாள் செல்லும். இப்போதைய கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும், சமீபத்தில் சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். போர்ட் ஆனதும் பழைய ரீசார்ஜில் மிச்சமிருக்கிற நாட்கள் போய்விடும், அதனால் பிளான் முடிகிற வாரத்தில் அனுப்புங்கள்.