படியெடுப்பு நிற்பதும் முடிவதும்

அன்புள்ள ஐயா,

மரபணு படியெடுக்கப்படுவதைப் பற்றிய உங்கள் கட்டுரையில், டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. இழையை உருவாக்கும் பாலிமரேஸ் நொதி புறப்பட்ட சிறிது தூரத்திலேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பாடநூலில் தொடக்கம், நீட்சி, முடிவு என மூன்றே கட்டங்கள்தான். அப்படியானால் இந்த நிற்றல் முடிவைச் சேர்ந்ததா, அல்லது பழுதா?

விலங்கியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டும் அன்று. பாலூட்டிகளின் செல்லில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2, தொடக்கப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 60 நியூக்ளியோடைடுகள், அதாவது எழுத்துகள், வரை படியெடுத்ததும், டி.எஸ்.ஐ.எஃப்., நெல்ஃப் என்னும் இரு புரதத் தொகுதிகள் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. அதுவரை உருவான குட்டை ஆர்.என்.ஏ. இழை நொதியின் பிடியிலேயே இருக்கிறது. பி-டெஃப்பி என்னும் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) வந்து இவற்றின்மீது பாஸ்பேட்டுகளை ஏற்றியதும் நெல்ஃப் விலகிவிடுகிறது, டி.எஸ்.ஐ.எஃப். மட்டும் விலகாமல், அதே நொதியின் ஓட்டத்துக்குத் துணைசெய்யத் தொடங்குகிறது. தடுத்த புரதமே துணையாக மாறுவதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்தது.

1980களில் ஜான் லிஸ் குழுவினர் பழ ஈயின் வெப்ப அதிர்ச்சி மரபணுவில் இதைக் கண்டனர். பாலூட்டிகளிலும் மிகப் பல மரபணுக்களில் இது நிகழ்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. எச்.ஐ.வி. தன் டாட் புரதத்தைக் கொண்டு பி-டெஃப்பியைத் தன் மரபணுவுக்கு இழுத்துக்கொள்வதே, இந்த ஒரு கட்டுப்பாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்குப் போதுமான சான்று. நின்ற நொதிகள் எல்லாமே மீண்டும் ஓடிவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும்; சிலவற்றை இன்டிகிரேட்டர் என்னும் தொகுதி அங்கேயே கழற்றிவிடுகிறது.

உண்மையான முடிவு மரபணுவின் மறுகோடியில் நிகழ்வது. ஏ-ஏ-யு-ஏ-ஏ-ஏ என்னும் குறி ஆர்.என்.ஏ.வில் வந்தவுடன், அதற்குச் சற்றுத் தள்ளி இழை வெட்டப்படுகிறது. ஆனால் பாலிமரேஸ் உடனே நிற்பதில்லை, டி.என்.ஏ.வில் மேலும் பல நூறு, சில வேளைகளில் பல ஆயிரம் எழுத்துகள் ஓடுகிறது. வெட்டுப்பட்ட முனையிலிருந்து எக்ஸ்.ஆர்.என்.2 என்னும் நொதி, மிஞ்சிய இழையைத் தின்றபடியே அதைத் துரத்துகிறது. இதே வேளையில் டி.எஸ்.ஐ.எஃப்.-இன் அங்கமான எஸ்.பி.டி.5-இலிருந்து ஒரு பாஸ்படேஸ் பாஸ்பேட்டை நீக்க, பாலிமரேஸின் வேகம் தளர்கிறது. துரத்தும் நொதி எட்டிப் பிடித்துவிடுகிறது; அத்துடன் படியெடுப்பு முடிகிறது. தொடக்கத்தில் பாஸ்பேட் ஏறியதால் விடுபட்ட ஓட்டம், இறுதியில் அதே பாஸ்பேட் இறங்குவதால் தளர்கிறது என்பதால், இவ்விரண்டையும் தொடர்பற்ற நிகழ்வுகளாகப் படிக்கவேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

அந்த ஆறெழுத்துக் குறியில் ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் விளைவு கடுமையானது. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் ஆல்ஃபா-2 குளோபின் மரபணுவில் கடைசி ஏ, ஜி ஆகிவிடும் பிறழ்வு 1983இல் விவரிக்கப்பட்டது. அங்கே இழை சரிவர வெட்டப்படுவதில்லை. படியெடுப்பு எல்லை கடந்து ஓடுகிறது. குளோபின் உற்பத்தி குறைந்து ஆல்ஃபா தலசீமியா என்னும் மரபுவழி இரத்த நோய் உண்டாகிறது.