முன்பு இரண்டு குழந்தைகளை இழந்தோம். இப்போது மறுபடி கர்ப்பம். சந்தோஷமே வரவில்லை, இது இயல்பா?

இயல்புதான். துக்கம் தீர்ந்த பிறகுதான் சந்தோஷம் வரும் என்ற வரிசையெல்லாம் மனசுக்குக் கிடையாது. பலர் பெயர் யோசிக்கவே மாட்டார்கள். வாங்கிய குட்டிச் சட்டையைப் பையோடு அலமாரியில் வைத்துவிடுவார்கள். பாசம் இல்லாமல் இல்லை, மறுபடி அடிபடப் பயம்.

அந்தப் பயமும் ஒரே அளவில் இருக்காது. ஸ்கேனுக்கு முந்தைய இரவு, முன்பு இழப்பு நேர்ந்த அதே வாரம், குழந்தையின் நினைவு நாள் வரும்போது தூக்கிப் போடும். அந்த வாரங்களை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, கூடுதலாக ஒருமுறை இதயத்துடிப்பைப் பார்க்கக் கேளுங்கள். அசைவு பொதுவாக 16 முதல் 24 வாரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் அது வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினாலும் கூச்சப்பட வேண்டாம்.

அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

“அதே குழந்தைதான் திரும்பி வருது” என்று சொல்பவர்களுக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். (எனக்கு அந்த ஆறுதல் பிடிப்பதே இல்லை.) “எத்தனையாவது குழந்தை?” என்று கேட்டால் மூன்றாவது என்றே சொல்லலாம், சொல்லப் பிடிக்காத ஆளிடம் பேச்சை மாற்றலாம்.