ஆட்டக்களம் கேள்வி பதில்: பிளாக் மேசாவின் பாதாளத்தில்

கேள்வி: அண்ணாச்சி, ஹாஃப் லைஃப் விளையாடுதேன். ராக்கெட் குழிக்குள்ள இருக்க மூணு தலை ஜந்துகிட்ட செத்துச் செத்து அலுத்துட்டு. எவ்வளவு சுட்டாலும் சாக மாட்டேங்கு. எப்படித் தாண்டணும்? (பணகுடி வாசகர்)

பதில்: துப்பாக்கியை உள்ளே வையுங்கள். அதைக் கொல்லப்போவது அதன் தலைக்கு மேலே தொங்கும் ராக்கெட் என்ஜின். ஆட்டத்தை அறியாதவர்களுக்கு: 1998இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட இந்தக் கணினி ஆட்டத்தில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில், பெரும்பகுதி பூமிக்கடியில் மறைந்திருக்கும் பிளாக் மேசா ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை கைமீறிப் போகிறது. வேற்றுலக ஜந்துக்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. நீங்கள் மாட்டியிருப்பது 'பிளாஸ்ட் பிட்' அத்தியாயம்.

அந்த ஜந்துவுக்குக் கண் கிடையாது, காதுதான். உங்கள் காலடிச் சத்தத்தை ஆட்டம் எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: தரையில் நீங்கள் போகும் வேகம்தான் சத்தத்தின் அளவு. ஓடினால் பெரிய சத்தம். குனிந்து நகர்ந்தால் வேகம் மூன்றில் ஒரு பங்காகிறது, சத்தமும் அந்த அளவுக்கு இறங்கிவிடும். தாவினால் அதற்கென்று கூடுதல் சத்தம் சேரும். பலர் சாவது இந்தத் தாவலில்தான். குனிந்தே வந்துவிட்டுக் கடைசி இரண்டடியில் பொறுமையிழந்து குதிப்பார்கள்.

கையெறி குண்டை நீங்கள் போகவேண்டிய வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கம் எறியுங்கள். தலைகள் அங்கே திரும்பிக் கொத்தும், அந்த இடைவெளியில் நகர்ந்துவிடலாம். ஜந்துவின் மேலேயே எறிந்து வீணாக்காதீர்கள். குண்டு தீர்ந்துபோனாலும் குனிந்தபடி கடக்க முடியும், நேரம்தான் அதிகமாகும்.

இனி என்ஜினை இயக்க மூன்று வேலை: எரிபொருள், ஆக்சிஜன், மின்சாரம். முதல் இரண்டும் ஒரே வழியில் கிடைக்கும். அந்த வழியில் ஒரு ராட்சத மின்விசிறி உண்டு. அதன் சுவிட்ச் இறக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. சுவிட்சைப் போட்டவுடன் ஏணியில் விறுவிறுவென்று ஏறிவிட வேண்டும். இறக்கை வேகம் பிடித்தபின் ஏறினால் துண்டுதான். மேலே வந்ததும் அந்தக் காற்றே உங்களைத் தூக்கி அடுத்த தளத்தில் விடும். மின்சாரத்துக்குத் தனி வழி. மூன்றும் தயாரானதும் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பிச் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். ஜந்து கருகியபின் அது இருந்த துளை வழியாகத்தான் கீழே இறங்கவேண்டும். ஒவ்வொரு வாசலிலும் எஃப்6 தட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். எஃப்7 தட்டினால் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

கேள்வி: நம்ம மகேந்திரகிரியிலயும் ராக்கெட் என்ஜின் சோதனைதான் நடக்கு. ஆட்டத்துல மாதிரி மூணு சுவிட்சுல முடிஞ்சிடுமா? (காவல்கிணறு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: முடியாதும்மா. ஆனால் ஆட்டத்தை எழுதியவர்கள் அடிப்படையைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்: எரியும் பொருள் ஒன்று, அதை எரிக்க ஆக்சிஜன் தருவது ஒன்று, வால்வுகளை இயக்க மின்சாரம். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் என்ஜின்களில் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரிகின்றன. ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, ஆக்சிஜன் மைனஸ் 183. ஆட்டம் தாண்டிக் குதித்துவிடும் வேலையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. முதலில் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஹைட்ரஜனோடு சேர்ந்து வெடிக்கும், அல்லது உறைந்து வால்வை அடைக்கும். நைட்ரஜனை விட்டுக் காற்றை வெளியேற்றினால் மட்டும் போதாது; அதுவும் மைனஸ் 210இல் உறைந்துவிடுவதால், திரவ ஹைட்ரஜன் ஓடும் குழாயைக் கடைசியில் ஹீலியத்தால் கழுவவேண்டும். அடுத்து, குழாயையும் பம்பையும் மெல்ல மெல்லக் குளிரவைக்க வேண்டும். சூடான குழாயில் திரவத்தை ஒரேயடியாக விட்டால் அது கொதித்து ஆவியாகும். பம்புக்குள் திரவத்துக்குப் பதில் வாயு போனால் அது தறிகெட்டுச் சுழன்று சிதைந்துபோகும்.

பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்வி ராக்கெட்டுகளில் இருக்கும் விகாஸ் என்ஜின் வேறு ரகம். அதன் எரிபொருளும், அதை எரிக்க ஆக்சிஜன் தரும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தனியாகப் பற்றவைக்க வேண்டியதில்லை.

ஆட்டத்தில் எனக்கு ஒட்டாத விஷயம் அந்த மூடிய குழி. நிஜச் சோதனை மேடையில் சுடரைத் திசைதிருப்பி வெளியே அனுப்ப வழி இருக்கும், தண்ணீரும் பாய்ச்சுவார்கள். அடைத்த குழியில் எரித்தால் வெப்பமும் அதிர்வும் என்ஜினையே திருப்பி அடிக்கும்.

கேள்வி: ஹாஃப் லைஃபின் 'கொஸ்டினபிள் எதிக்ஸ்' பகுதியில் விஞ்ஞானிகள் செத்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கோளாறா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: கோளாறு இல்லை. வெளிவாசல் விழித்திரையைப் பார்த்துத் திறக்கும் பூட்டு; ஒரு விஞ்ஞானியாவது உயிரோடு வந்து கண்ணைக் காட்டவேண்டும். அவர்களைக் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் தனியாகப் போய் முன்கூடத்துச் சிப்பாய்களைத் தீர்த்துவிட்டு, பிறகு திரும்பி வந்து, ஒரு விஞ்ஞானி முன் நின்று ஈ விசையைத் தட்டினால் பின்னாலேயே வருவார்.

அங்கேயே டவ் பீரங்கி கிடைக்கும். மவுஸின் வலது பொத்தானைப் பிடித்தால் சக்தி ஏறும். 4 நொடியில் முழு பலம் வந்துவிடும், அதற்குமேல் பிடிப்பதில் ஒரு பயனும் இல்லை. 10 நொடி தாண்டினால் உங்கள் கையிலேயே வெடித்து 50 புள்ளி சேதம், அதாவது கவசத்தில் மின்னூட்டம் இல்லாவிட்டால் பாதி உயிர் போய்விடும். சுடும்போது பின்னால் தள்ளவும் செய்யும், முதுகுக்குப் பின்னே பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

கேள்வி: போர்ட்டல் ஆட்டத்தில் வரும் அப்பர்ச்சர் ஆய்வுக்கூடமும் இதே இடம்தானா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: இல்லை. கதையுலகம் ஒன்று, இடம் வேறு, இரண்டு நிறுவனங்களும் போட்டியாளர்கள். அப்பர்ச்சர் இருப்பது மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், ஒரு பழைய உப்புச் சுரங்கத்தில். 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தச் சுரங்கத்தின் அடிவரை இறங்கிப் பார்க்கலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். ஹாஃப் லைஃபின் புது வடிவமான 'பிளாக் மேசா' ஆட்டத்தை வாங்கலாமா? (வள்ளியூர் வாசகர்)

பதில்: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் வேண்டாம். ரசிகர் குழு ஒன்று முதலிலிருந்து செய்து 2020இல் முழுமையாக வெளியிட்ட அந்த வடிவம் கனமானது. 1998இன் மூல ஆட்டத்துக்கு 2023 நவம்பரில், 25ஆம் ஆண்டையொட்டி, வால்வே புதுப்பிப்பு தந்திருக்கிறது. பழைய லேப்டாப்புக்கு அதுவே போதும்.