நர்சிங் ஹோம், முதியோர் இல்லத் தீப்பாதுகாப்பு: கேள்வி பதில்

கேள்வி (அண்ணா நகர்): 20 படுக்கை, தரைத்தளமும் இரண்டு மாடியும். தீப்பிடித்தால் எல்லோரையும் கீழே இறக்க எத்தனை ஊழியர்கள் தேவை?

பதில்: இறக்குகிற கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தளத்தில் ஒரு நர்ஸ், ஒரு ஆயா இருந்தாலே அதிகம். அவர்களால் வென்டிலேட்டர் நோயாளியைப் படியில் இறக்க முடியாது. பக்கவாட்டில் நகர்த்துவதுதான் வழி. ஒவ்வொரு மாடியையும் தடுப்புச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து, நடுவே தானாகச் சாத்திக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு போடுங்கள். எரிகிற அறையில் இருப்பவர்கள் முதலில், பக்கத்து அறைகள் அடுத்து. கட்டிலோடு மறுபாதிக்குத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினால் தீயணைப்பு வண்டி வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். நடக்கக்கூடியவர்கள் கூட இருப்பவரோடு படியிறங்கட்டும்.

இங்கே சொதப்புவது எங்கே என்றால், சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும். மேல் ஸ்லாப், அதாவது கான்கிரீட் கூரை வரை போக வேண்டும். கேபிளும் ஆக்ஸிஜன் குழாயும் நுழைகிற ஓட்டைகளைத் தீத்தடுப்பு சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். ஏசி டக்ட் சுவரைத் தாண்டும் இடத்தில் ஃபயர் டாம்பர், அதாவது தீ வந்தால் தானாக மூடிக்கொள்ளும் தகடு. சிசிடிவி ஆள் கேபிள் இழுத்துவிட்டு மஞ்சள் ஃபோம் அடித்துப் போயிருப்பார். சாதாரண ஃபோம் எரியும். சீலிங் டைலைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு மருத்துவமனைப் படிக்கட்டுக்கு 2 மீட்டர் அகலம் கேட்கிறது. வராண்டாவில் ஸ்ட்ரெச்சர், பெஞ்ச், காலி சிலிண்டர் எல்லாம் வைத்த பிறகு மிச்சமிருப்பதை டேப் வைத்து அளந்து பாருங்கள். அதற்கு மேல் கதவுக்குக் கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தால் மேலே சொன்னது அத்தனையும் வீண்.

கேள்வி (பெசன்ட் நகர்): எந்த ஃபயர் சிலிண்டர், எத்தனை?

பதில்: பொதுவாக 6 கிலோ ஏபிசி பவுடர், மின் பேனல் அருகே 4.5 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒன்று கைக்கு எட்ட வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் வாயு பத்து சதவீதம் குறைந்தால் ரீஃபில். உங்கள் பக்கம் கடல் காற்று. சிலிண்டரைத் தூக்கி அடி வளையத்தில் துரு இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (தாம்பரம்): ஐசியூவில் தீ வந்தால் ஆக்ஸிஜனை யார் மூடுவது?

பதில்: அந்த ஷிஃப்டின் பொறுப்பு நர்ஸ். டாக்டருக்குப் போன் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வால்வுப் பெட்டி ஐசியூவுக்கு வெளியே, வராண்டாவில் இருக்க வேண்டும். எந்த வால்வு எந்தப் படுக்கைக்கு என்று அதன்மேல் எழுதியிருக்க வேண்டும். மூடும் முன் வென்டிலேட்டரில் இருப்பவர்கள் அம்பு பைக்கோ (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) சின்ன சிலிண்டருக்கோ மாறியாக வேண்டும்.

இன்னொன்று: மாஸ்க்கைக் கழற்றி ஓடவிட்டபடியே படுக்கையில் வைக்கிறார்கள். போர்வையும் தலையணையும் ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒரு பொறி போதும். ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது.

கேள்வி (முகப்பேர், முதியோர் இல்லம்): மறதி நோய் உள்ளவர்கள் ராத்திரி வெளியே போய்விடுகிறார்கள். கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை நர்ஸிடம் கொடுத்திருக்கிறோம். தப்பா சார்?

பதில்: தப்பு. 2001இல் ஏர்வாடி மனநல இல்லத்தில் 28 பேர் கட்டிய சங்கிலியோடு கருகினார்கள். சங்கிலி இடத்தில் உங்களுக்குப் பூட்டு.

மடிப்பாக்கம் வாசகர்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது சார். ஒரு பாட்டி மெயின் ரோட்டில் அடிபட்டால் நீங்களா பதில் சொல்வீர்கள்?

பதில்: திறந்து போடச் சொல்லவில்லை. மின்காந்தப் பூட்டு போடுங்கள்; 280 கிலோ பிடிமானம் உள்ளதே போதும். கரன்ட் இருந்தால் பிடிக்கும், போனால் விடும். ஃபயர் அலாரம் பேனலின் ரிலே (அலாரம் அடித்ததும் கரன்டை வெட்டும் சுவிட்ச்) வழியாக இணைத்தால் அலாரம் அடித்ததும் கதவு விட்டுவிடும். பக்கத்திலேயே பச்சை அவசரப் பெட்டி, அழுத்தினால் பூட்டுக்குப் போகும் கரன்டை நேரடியாக வெட்டுவது.

முகப்பேர்: கரன்ட் கட்டானால் திறந்துகொள்ளுமே?

பதில்: அதற்கு பேட்டரி. ஆனால் ரிலே பேட்டரிக்குப் பிறகு, பூட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். பல எலக்ட்ரீஷியன்கள் ரிலேயை அடாப்டருக்கு முன்னால் போட்டுவிடுகிறார்கள். அலாரம் அடிக்கும், பேட்டரி கதவை விடாது. மாதம் ஒருமுறை அலாரத்தை அடித்துக் கதவைத் தள்ளிப் பாருங்கள். கதவு திறந்தால் நர்ஸ் மேஜையில் பஸ்ஸர் அடிக்கட்டும்.

மடிப்பாக்கம்: நர்ஸ் இடுப்பில் சாவி இருந்தால் போதாதா?

பதில்: புகையில் கண் திறக்க முடியாது, விளக்கு போயிருக்கும், கொத்தில் பத்துச் சாவி. அந்த நர்ஸ் அப்போது மறுகோடியில் ஒரு தாத்தாவைத் தூக்கிக்கொண்டிருப்பார். இதற்கு மேல் சாவி பற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி (போரூர்): லிப்டில் இறக்கலாமா?

பதில்: சாதாரண லிப்டில் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் இறந்த ஆறு பேர் லிப்டுக்குள் கிடந்தவர்கள்.

கேள்வி (வடபழனி): எத்தனை சிலிண்டர் வேண்டும்?

பதில்: பெசன்ட் நகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஆவடி): ஃபயர் லைசென்ஸ் சீக்கிரம் வாங்க வழி?

பதில்: தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். புரோக்கர் விவகாரத்துக்கு நான் ஆள் இல்லை.

கேள்வி (கே.கே. நகர்): ஸ்மோக் டிடெக்டர் போட்டு ஒரு வருஷம், ஒருமுறைகூட அடிக்கவில்லை. நல்லதுதானே?

பதில்: பெயின்ட் அடிக்கும்போது மாட்டிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா? டெஸ்ட் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): ஐசியூ ஏசியின் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆகிறது. 32 ஆம்ப் மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன்.

பதில்: மாற்றாதீர்கள். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டராக இருந்தால் 20 ஆம்பே அதற்கு எல்லை. 32 போட்டால் எம்சிபி சும்மா இருக்கும், ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒயர் சூடேறும். ஐசியூ ஏசி 24 மணி நேரமும் ஓடுவது, ஆற நேரமே கிடையாது. டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, இன்சுலேஷன் பழுப்பேறியிருக்கிறதா என்று மெயினை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பேறியிருந்தால் பேனலிலிருந்து தனி 4 சதுர மில்லிமீட்டர் லைன் இழுங்கள்; எம்சிபி 20 ஆகவே இருக்கட்டும்.