குவாரி வெடியா, நில அதிர்வா?

கேள்வி: குடியாத்தம் அருகே எங்கள் பள்ளியின் மாடி அறையில், ஜியோபோன் (நிலத்தின் அசைவை மின் சைகையாக மாற்றும் உணரி) பொருத்திய சிறிய அதிர்வுப் பதிவுக் கருவி ஒன்றை வைத்திருக்கிறோம். நாள் முழுவதும் கோடு துள்ளிக்கொண்டே இருப்பதால், எது நில அதிர்வு, எது கல்குவாரி வெடி, எது வெறும் இரைச்சல் என்று பிரிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்? – ஓர் அறிவியல் ஆசிரியர்

பதில்: முதலில் கருவியை மாடியிலிருந்து இறக்குங்கள். மாணவர்கள் படியேறுவதும் தண்ணீர் மோட்டார் ஓடுவதும் மேல்தளத்தில் பெருகித் தெரியும். தரைத்தளத்தில், இயன்றால் பாறைமீது போட்ட சிமென்ட் மேடையில், பெரிய மரங்களுக்குத் தள்ளி வையுங்கள்; காற்றில் மரம் ஆடும்போது வேரும் மண்ணை ஆட்டும்.

அடுத்து, 2 முதல் 15 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 2 முதல் 15 முறை) வரையிலான அதிர்வெண்களை மட்டும் வடிகட்டி எடுங்கள். நிமிடத்துக்கு 1440 முறை சுழலும் மோட்டார் 24 ஹெர்ட்ஸில் விடும் கோடு இதிலேயே நீங்கிவிடும். பிறகு, கடைசி ஒரு விநாடியின் சராசரி அசைவை, அதற்கு முந்தைய 30 விநாடிகளின் சராசரியால் வகுத்து, விகிதம் 3 அல்லது 4ஐத் தாண்டும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காட்பாடி–ஜோலார்பேட்டை தடத்தில் சரக்கு ரயில் வரும்போது அசைவு மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால் அந்த 30 விநாடிச் சராசரியும் கூடவே ஏறி, விகிதம் அடங்கியே நிற்கும். பாறை வழியே வரும் முதல் அலையோ அதை ஒரே தாவலில் உயர்த்தும்.

குறித்தவற்றில் வெடியைப் பிரிப்பதுதான் கடினமான பகுதி. முதலில் வரும் பி அலைக்கும் பின்னால் வரும் எஸ் அலைக்கும் உள்ள விநாடி இடைவெளியை 8ஆல் பெருக்கினால் தூரம் ஏறக்குறைய கிலோமீட்டரில் கிடைக்கும். வெடி எல்லாப் பக்கமும் பாறையை வெளியே தள்ளுவதால், எங்கிருந்து பார்த்தாலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்க வேண்டும். பாறைப் பிளவு நழுவுவதால் வரும் நில அதிர்விலோ முதல் அசைவு சில திசைகளில் மேல்நோக்கியும் வேறு சில திசைகளில் கீழ்நோக்கியும் இருக்கும், எஸ் அலையும் ஓங்கி நிற்கும். ஆனால் குவாரியில் துளைகள் மில்லி விநாடி இடைவெளிகளில் அடுத்தடுத்து வெடிப்பதால் இந்த அடையாளங்கள் மங்கிவிடுவது உண்டு. ஒற்றைக் கருவியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். தொலைதூர அணு வெடிப்புகளைக் கண்டறியக் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1960களில் அமைக்கப்பட்ட நிலையத்தில், 20 உணரிகளை 'எல்' வடிவில் பரப்பியிருக்கிறார்கள். 20 பதிவுகளையும் நேரம் பொருத்திக் கூட்டிச் சராசரி எடுத்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல் சுமார் நாலரை மடங்கு குறையும். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றிலும் கருவி இருந்தால் உங்களுக்கும் பாதிக் குழப்பம் தீரும்.

அதுவரை நேரமே நல்ல துப்பு. 2021 நவம்பர் 29 அன்று வேலூருக்கு மேற்கே உணரப்பட்ட 3.6 அளவு அதிர்வு விடியற்காலையில் வந்தது. குவாரிகள் வெடி வைப்பது பெரும்பாலும் பகலில். அருகிலுள்ள குவாரிகளில் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுக் குறித்து வாருங்கள். பத்துப் பதினைந்து வெடிகள் சேர்ந்தால், ஒரே குவாரியின் பதிவுகள் ஏறத்தாழ ஒரே சாயலில் இருப்பது புலப்படும். அந்தச் சாயலில் சேராதவற்றை மட்டும் தேசிய நில அதிர்வியல் மையத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பதிவதால், 5 மணி 30 நிமிடம் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். இதை மறந்தால் பிற்பகல் ஒன்றரை மணி வெடி காலை 8 மணி அதிர்வாகத் தோன்றும்.