பூட்டிய பதிப்பும் செக்ரோல் கணக்கும்: ஹட்டனிலிருந்து கேள்வி பதில்

தேயிலைத் தோட்டங்களின் செக்ரோல் (தொழிலாளர்களின் வேலை, சம்பளப் பதிவு) மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. பெக்கேஜ் (நம் மென்பொருள் பயன்படுத்தும், பிறர் எழுதிய கோட் தொகுதி), அதன் வேர்ஷன் (பதிப்பு) பற்றி மலையகத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து ஒரு கெம்பஸ் மாணவர்: அக்கா, என் லெப்டொப்பில் ஓடும் ப்ரொஜெக்ட் நண்பனிடம் ஓடவில்லை. கோட் ஒன்றுதான். லொக் ஃபைலை மட்டும் நாங்கள் கோட் பகிரும் கிட்டில் (Git) போடவில்லை.

தம்பி, சிக்கல் அங்கேதான். தேவையான பெக்கேஜின் பதிப்பை ^4.2.1 என்று எழுதியிருந்தால், 4.2.1 முதல் 5.0.0-க்குக் கீழே எது வந்தாலும் சரி என்று அர்த்தம். உங்களுக்கு அன்று 4.2.1 வந்திருக்கும், நண்பனுக்கு நேற்று 4.9 வந்திருக்கும். அந்த பெக்கேஜ் நம்பியிருக்கும் மற்றவற்றுக்கும் இதே கதை. என்னென்ன வந்தது என்று அச்சொட்டாகக் குறித்து வைப்பதுதான் லொக் ஃபைல். அதைக் கிட்டில் சேர்த்துவிட்டு நண்பனை 'என்பிஎம் சிஐ' (npm ci) கட்டளையைக் கொடுக்கச் சொல்லுங்கள். லொக் ஃபைலில் உள்ளதை மட்டுமே எடுக்கும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். நிற்கட்டும், அதுதான் நல்லது.

கொட்டகலை: மழை பிடித்தால் இன்டர்நெட் லைன் போய்விடுகிறது, பைதன் மொழியின் பெக்கேஜ்களை இறக்கும் பிப் (pip) பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம் அக்கா?

லைன் நன்றாக இருக்கும் நாளில் 'பிப் டவுன்லோட்' கொடுத்து எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் இறக்கி வையுங்கள். அப்புறம் 'நோ இண்டெக்ஸ்', 'ஃபைண்ட் லிங்க்ஸ்' இரண்டையும் சேர்த்து இன்ஸ்டோல் செய்தால் இன்டர்நெட் பக்கமே போகாது. இறக்கும் மெஷினிலும் ஓட்டும் மெஷினிலும் பைதன் பதிப்பும் ஓஎஸ்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தலவாக்கலை, கணினி வகுப்பு நடத்துபவர்: தங்கச்சி, லொக் ஃபைலால் பதிப்புகளைப் பூட்டியாச்சு, நன்றாக ஓடுகிறது. பிறகு ஏன் அப்டேட்?

அண்ணா, நாம் தொடாவிட்டாலும் பழைய பதிப்பில் உள்ள பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்துவிடும். 2021 டிசம்பரில் லொக்ஃபோர்ஜே (Log4j) என்ற லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது, அந்த லைப்ரரி தங்கள் மென்பொருளுக்குள் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

அதற்காக வந்த அன்றே மாற்றவும் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் (xz) லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளவழி வைத்திருந்தது பிடிபட்டது. டெபியன் என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸின் ஸ்டேபிள் வெளியீட்டில் பழைய எக்ஸ்இசட் பதிப்பே இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

என் கையாலேயே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2020 ஜனவரி 1-உடன் பைதன் 2-க்கான ஆதரவு முடிந்ததால், ஒரு தோட்டத்தின் மென்பொருளை பைதன் 3-க்கு மாற்றினேன். பழையதில் 20.5 கிலோவை ரவுண்ட் செய்தால் 21 வரும். புதியதில் 20 தான். ஆனால் 21.5 கொடுத்தால் 22 வரும், ஏனென்றால் சரி பாதியில் நிற்கும் எண்ணை அது இரட்டை எண் பக்கம் தள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாதக் கடைசியில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா நிறுவைத் துண்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து, கறை படிந்த விரலால் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். ஐந்து நாட்களில் நாளுக்கு ஒரு கிலோ குறைவு. அவர் சொன்னதுதான் சரி. அந்த மாதம் முழுவதையும் திரும்பக் கணக்குப் பார்த்து, எல்லோருக்கும் குறைந்த காசை அடுத்த சம்பளத்தில் சேர்க்க வைத்தேன். அவர் துண்டுகளைச் சேர்த்து வைத்திராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அதே அண்ணா: அப்படியானால் எப்போது, எப்படி?

சம்பளம் போட்ட மறுநாள். மாதக் கடைசியில் கை வைக்கவே வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு பெக்கேஜை மட்டும் ஏற்றி, போன மாத செக்ரோலைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ மாறினாலும் காரணம் தெரியும்வரை பழைய லொக் ஃபைலுக்கே திரும்புங்கள். நான் ஒப்பிடும் ஃபைலில் இப்போது அந்த ஐந்து துண்டுகளின் நிறைகளும் இருக்கின்றன.